சுவருக்குத் திரும்பி வந்த கொசு: குவாசுலு-நடால், 1996–2000

1999ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில், தென்னாப்பிரிக்காவின் வடகிழக்கு மூலையில், குவாசுலு-நடால் மாகாணத்தில், மொசாம்பிக் எல்லையை ஒட்டிய ந்டூமு பகுதியில், பூச்சியியலாளர்கள் வீடுகளுக்குள் கொசு தேடினார்கள். சுவர்களில் மலேரியாத் தடுப்பு மருந்து அடிக்கப்பட்ட வீடுகள் அவை. மருந்து பட்ட சுவரில் உட்கார்ந்த கொசு சாகவேண்டும் என்பதுதான் மொத்தத் திட்டத்தின் அடிப்படை. ஆனால் அந்தச் சுவர்களில் கொசுக்கள் உயிரோடு ஓய்வெடுத்துக்கொண்டிருந்தன. பிடித்துப் பார்த்தபோது, 1950களிலேயே தென்னாப்பிரிக்காவிலிருந்து ஒழிந்துபோனதாகப் பதிவாகியிருந்த இனமும் அவற்றுள் இருந்தது: அனோஃபிலிஸ் ஃபுனெஸ்டஸ்.

லத்தீனில் அந்தப் பெயருக்குச் சாவைக் கொண்டுவருவது என்று பொருள். பொருத்தமான பெயர்தான். ஆப்பிரிக்காவில் மலேரியாவைப் பரப்பும் கொசுக்களில் மனிதரோடு இவ்வளவு ஒட்டி வாழ்வது வேறு அதிகமில்லை. ஆடுமாடு இருந்தாலும் மனித ரத்தத்தையே நாடும். நள்ளிரவுக்குப் பின் வீட்டுக்குள் புகுந்து கடிக்கும். குடித்த ரத்தம் செரிக்கும்வரை அதே வீட்டின் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். புல்லும் பாசியும் நிறைந்த, வற்றாத நீரில் முட்டையிடுவதால் மழைக்காலம் முடிந்த பிறகும் பெருகிக்கொண்டே இருக்கும்.

சுவரில் உட்காரும் அந்தப் பழக்கமே ஒருகாலத்தில் அதற்கு எமனாக வந்தது. அதே பழக்கத்தோடு, அதே சுவருக்கு, அது எப்படித் திரும்பி வந்தது என்பதே இந்த ஆய்வின் கேள்வி.

மருந்து மாறிய ஆண்டு

வீட்டுக்குள் மருந்தடித்துக் கொசுவைக் கொல்லும் முறைக்கு, அன்று நடால் எனப்பட்ட இந்த மாகாணமே தாய்வீடு என்று சொல்லலாம். 1930களின் தொடக்கத்தில் அங்கே மலேரியா ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. அப்போது பார்க் ராஸ் என்ற மருத்துவ அதிகாரியும் போத்தா டி மேயன் என்ற பூச்சியியலாளரும் ஒரு வகைச் சாமந்திப் பூவிலிருந்து எடுத்த பைரித்ரம் சாற்றைக் குடிசைகளுக்குள் தெளிக்கும் வழியை முன்வைத்தார்கள். அதற்குமுன் மலேரியா ஒழிப்பென்றால் குளம் குட்டைகளில் எண்ணெய் ஊற்றி லார்வாக்களைக் கொல்வதுதான். நோய் பரப்புகிற கொசு வீட்டுக்குள் ஓய்வெடுக்கிறதென்றால் அங்கேயே அதை மடக்கலாம் என்ற எண்ணம் அன்று புதிது. நம்மூருக்கும் அது விரைவிலேயே வந்தது. 1930களின் இறுதியில் பட்டுக்கோட்டை வட்டாரத்தில் பால் ரஸ்ஸலும் ஃபிரெட் நைப்பும் இதே பைரித்ரம் தெளிப்பைச் சோதித்தார்கள். மேட்டூர் அணைக்குப் பின் வெட்டிய புதிய கால்வாய்கள் தண்ணீரோடு மலேரியாவையும் கொண்டுவந்திருந்த காலம் அது.

பைரித்ரம் சில நாட்களில் வீரியம் இழந்துவிடும். இரண்டாம் உலகப்போருக்குப் பின் வந்த டி.டி.டி.யோ சுவரில் மாதக்கணக்கில் நிற்கும். சதுர மீட்டருக்கு 2 கிராம் வீதம் ஆண்டுக்கு ஒருமுறை அடித்தால் போதும். சுவரை விட்டு அகலாத ஃபுனெஸ்டஸ் அதற்குத் தாக்குப்பிடிக்கவில்லை. சில ஆண்டுகளில் தென்னாப்பிரிக்காவில் அது இல்லாமல் போயிற்று. வெளியிலும் தங்கும், மாட்டையும் கடிக்கும் அனோஃபிலிஸ் அரேபியென்சிஸ் மட்டும் எஞ்சியது. அந்தக் கொசுவால் மலேரியா நீடித்தாலும் கட்டுக்குள் இருந்தது.

1996இல் டி.டி.டி. நிறுத்தப்பட்டு, அதனிடத்தில் டெல்டாமெத்ரின் என்ற பைரித்ராய்டு வந்தது. பழைய சாமந்திச் சாற்றின் மூலக்கூறைப் பார்த்து வேதியியலாளர்கள் செய்த செயற்கை வடிவங்களே பைரித்ராய்டுகள். மாற்றத்துக்கு நியாயமான காரணங்கள் இருந்தன. டி.டி.டி. சுற்றுச்சூழலில் அழியாமல் தங்கும்; மருந்தடிக்கும் பகுதித் தாய்மார்களின் பாலிலேயே அதன் எச்சம் காணப்பட்டது. சுவரில் வெள்ளைக் கறை படிவதால் மக்களுக்கும் அதைப் பிடிக்கவில்லை; மருந்தடித்தவர்கள் போனதும் சுவரைப் புதிதாக மெழுகிவிடுவார்கள். டெல்டாமெத்ரின் கறை வைக்காது. சதுர மீட்டருக்கு 20 முதல் 25 மில்லிகிராம் போதும், அதாவது டி.டி.டி.யின் எடையில் நூற்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான். அந்த முடிவை எடுத்தவர்களை இன்று குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்று அவர்கள் கையிலிருந்த தகவலை வைத்து எடுக்கக்கூடிய நல்ல முடிவு அதுதான்.

ஆனால் நோயாளிகளின் எண்ணிக்கை ஏறத் தொடங்கியது. ந்டூமுவில் 1995க்கும் 1999க்கும் இடையே பதிவான மலேரியா ஆறு மடங்குக்குமேல் பெருகியது. 2000ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்கா முழுவதும் சுமார் 64,600 பேருக்கு மலேரியா பதிவானது; 450க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பங்கு குவாசுலு-நடாலில்.

சுவரில் குறை இல்லை

இப்படி நோய் பெருகும்போது முதல் சந்தேகம் வேலை செய்தவர்கள்மீது விழும். மருந்தைச் சரியாகக் கலந்தார்களா, எல்லா வீட்டுக்கும் போனார்களா, சரக்கு தரமானதா என்று கேட்பார்கள். கீத் ஹார்கிரீவ்ஸ், லிசெட் கோகமூர், பாசில் புரூக், ரிச்சர்ட் ஹன்ட், மொரீன் கோட்ஸே உள்ளிட்ட குழு அந்தக் கேள்விக்கு நேரடியாக விடை தேடியது. ஆய்வகத்தில் வளர்த்த, மருந்துக்குப் பணியக்கூடிய அரேபியென்சிஸ் கொசுக்களை அதே ந்டூமு வீடுகளின் சுவர்களில் விட்டுப் பார்த்தார்கள். அத்தனையும் செத்தன. நூற்றுக்கு நூறு. சுவரிலும் குறையில்லை, மருந்தடித்த கைகளிலும் குறையில்லை என்று இந்தச் சிறு சோதனை தெளிவாக்கியது. இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை இதுதான். ஒரு பழியை நீக்கிவிட்டுத்தான் அது அடுத்த கேள்விக்குப் போகிறது.

அடுத்த சிக்கல், பிடித்தது எந்தக் கொசு என்பது. ஃபுனெஸ்டஸ் கூட்டத்தில் உருவத்தால் பிரித்தறிய முடியாத பல இனங்கள் இருக்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை மலேரியாவில் பெரிய பங்கு வகிக்காதவை. அனோஃபிலிஸ் பாரென்சிஸ் என்ற இனமும் அந்தப் பகுதி வீட்டுச் சுவர்களில் உட்காரும். உருப்பெருக்கியை மட்டும் நம்பியிருந்தால், ஆபத்தில்லாத உறவினர்தான் என்று விட்டிருக்கலாம். அல்லது ஆபத்தில்லாததைக் கண்டு பீதி அடைந்திருக்கலாம். ஆகவே டி.என்.ஏ.வைப் பெருக்கிப் படிக்கும் பிசிஆர் முறையில் ஒவ்வொன்றையும் அடையாளம் கண்டார்கள். 74 கொசுக்கள் அசல் ஃபுனெஸ்டஸ், 34 பாரென்சிஸ், எஞ்சிய சில வேறு இனங்கள். 74இல் நான்கின் உடலில் மலேரியா ஒட்டுண்ணி இருந்தது. மருந்தடித்த வீட்டுச் சுவரில் இவை நோயைச் சுமந்துகொண்டு உட்கார்ந்திருந்தன.

பிறகு பெர்மெத்ரின் என்ற இன்னொரு பைரித்ராய்டு பூசிய தாளில் சோதனை. குறித்த நேரம் கொசுவை அந்தத் தாளோடு அடைத்துவைத்து, 24 மணி நேரம் கழித்து எத்தனை செத்தன என்று எண்ணுவார்கள். வீடுகளில் பிடித்த ஆண் ஃபுனெஸ்டஸ் பத்தில் ஐந்து பிழைத்தன. சிறிய எண்ணிக்கைதான், ஆனால் பணியும் கொசு ஒன்றுகூடப் பிழைக்கக்கூடாத அளவு மருந்து அது.

நோய் பெருகியதற்குக் கொசு மட்டுமே காரணமா என்றால், இல்லை. அப்போது வழக்கத்திலிருந்த சல்ஃபடாக்சின்-பைரிமெத்தமின் மாத்திரைக்கு ஒட்டுண்ணியே பணியாமல் போயிருந்தது. அதே 2000இல் மொசாம்பிக்கில் பெருவெள்ளம். எல்லைக்கு அப்பால் உள்நாட்டுப் போரால் சிதைந்திருந்த சுகாதார அமைப்பு. 2000இல் குவாசுலு-நடால் டி.டி.டி.க்குத் திரும்பியது, 2001 ஜனவரியில் நோயாளிகளுக்குப் புதிய ஆர்ட்டிமீத்தர்-லுமிஃபான்ட்ரின் கூட்டு மாத்திரை வந்தது, எல்லைக்கு அப்பால் தெற்கு மொசாம்பிக்கிலும் வீடுகளுக்கு மருந்தடிக்கும் கூட்டுத் திட்டம் தொடங்கியது. சில ஆண்டுகளுக்குள் நோய் மிகச் சிறு பங்காகச் சுருங்கியது. இதில் டி.டி.டி.யின் பங்கு இவ்வளவு, மாத்திரையின் பங்கு இவ்வளவு என்று பிரித்துச் சொல்பவர்களை நான் நம்புவதில்லை. எல்லாமே ஒருசேர நடந்தன. ஆனால் ஒன்று உறுதி: டெல்டாமெத்ரினுக்கு அசையாத ஃபுனெஸ்டஸ், டி.டி.டி. திரும்பியதும் வீடுகளிலிருந்து மறைந்தது.

டி.டி.டி. சொன்ன சாட்சி

இந்த இடத்தில் சற்று நிற்கவேண்டும். மரபியல் கதையின் திறவுகோல் இங்கேதான் இருக்கிறது.

டி.டி.டி.யும் பைரித்ராய்டும் வேதியியலில் வெவ்வேறு குடும்பங்கள். ஆனால் இரண்டும் கொசுவின் உடலில் தாக்கும் இடம் ஒன்றே. நரம்பு வழியாகச் செய்தி போகும்போது நரம்பணுவின் சவ்வில் இருக்கும் சோடியம் வாயில்கள் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்குத் திறந்து உடனே மூடிக்கொள்ளும். இந்த மருந்துகள் வாயிலில் செருகிக்கொண்டு அதை மூடவிடாமல் செய்கின்றன. நரம்பு ஓயாமல் துடிக்கிறது. கொசு நடுங்கி, கால் இழுத்து விழுகிறது.

அந்த வாயில் புரதத்தில் ஒரேயொரு அமினோ அமிலம் மாறினாலே மருந்து செருக முடியாமல் போகலாம். மேற்கு ஆப்பிரிக்காவின் அனோஃபிலிஸ் காம்பியே கொசுவில் அப்படி ஒரு சடுதிமாற்றம் 1998இல் வெளிவந்திருந்தது. புரதத்தின் 1014ஆவது இடத்தில் லூசின் இருக்கவேண்டிய இடத்தில் ஃபினைல்அலனின் இருந்தது. விழுந்துவிடாமல் தாங்குவதால் இதை வீழ்ச்சி எதிர்ப்பு என்று அழைப்பார்கள். ஆங்கில எழுத்துகளால் சுருக்கி 'கேடிஆர்' என்றே துறையில் புழங்குகிறது. வாயிலே மாறிவிட்டால் பைரித்ராய்டும் பயனற்றுப்போகும், டி.டி.டி.யும் பயனற்றுப்போகும்.

ந்டூமு கொசுவோ பைரித்ராய்டைத் தாங்கியது, டி.டி.டி.க்குச் செத்தது. அப்படியானால் அதன் சோடியம் வாயில் பழுதில்லாமல் இருந்திருக்கவேண்டும். மருந்து வாயிலை எட்டும் முன்பே வழியில் எங்கோ அழிந்துகொண்டிருந்தது. ஒரு மரபணுவையும் வரிசைப்படுத்தாமல், எது கொல்கிறது எது கொல்லவில்லை என்பதை மட்டும் வைத்தே இந்த முடிவுக்கு வரமுடிந்தது.

அடுத்த சாட்சி பைப்பரோனில் பியூட்டாக்சைடு. இது கொசுவைக் கொல்லும் மருந்தில்லை. சைட்டோகுரோம் பி450 என்ற நொதிக் குடும்பத்தை முடக்கும் துணைப்பொருள். பி450 நொதிகள் நம் கல்லீரலிலும் உண்டு. உடலுக்கு வேண்டாத வேதிப்பொருளில் ஆக்சிஜனை ஏற்றி, கரைத்து வெளியேற்ற வழி செய்பவை. இந்தத் துணைப்பொருளின் கதை நல்லெண்ணெயில் தொடங்குகிறது. நல்லெண்ணெய் கலந்தால் பைரித்ரத்தின் வீரியம் கூடுகிறது என்று 1940இல் கண்டார்கள். எள்ளிலுள்ள செசமின் போன்ற பொருட்களே காரணம் என்று தெரிந்தது. அவற்றின் அமைப்பை ஒட்டியே பைப்பரோனில் பியூட்டாக்சைடு உருவானது. இதைக் கொடுத்தபின் பைரித்ராய்டு கொடுத்தால், தாங்கிநின்ற ஃபுனெஸ்டஸ் மீண்டும் செத்தது. ஆக, மருந்தைச் சிதைப்பது பி450. ஆனால் ஒரு கொசுவில் பி450 மரபணுக்கள் நூற்றுக்கும் மேல் இருக்கின்றன. குற்றவாளி எது?

பேரப்பிள்ளைகளில் தேடிய மரபணு

ஃபுனெஸ்டஸை ஆய்வகத்தில் வளர்ப்பது பெரும்பாடு. காம்பியே கொசு கூண்டுக்குள் எளிதில் இணைசேரும், இது சேராது. இத்துறை இந்தக் கொசுவில் வெகுகாலம் பின்தங்கியிருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஜோகன்னஸ்பர்க்கில் பொறுமையாக இரண்டு வளர்ப்புக் கூட்டங்களை நிலைநிறுத்தினார்கள். தெற்கு மொசாம்பிக்கிலிருந்து வந்தது ஃபூமோஸ். அதிலிருந்து தலைமுறை தலைமுறையாக மருந்துக்குத் தப்பியவற்றையே வளர்த்து எதிர்ப்பு மிகுந்த கிளையையும் பிரித்தார்கள். அங்கோலாவிலிருந்து வந்தது ஃபாங்; எல்லா மருந்துக்கும் பணிவது. இந்த இரண்டும் இல்லாமல் பின்னர் நடந்த எதுவும் நடந்திருக்காது.

கேமரூனைச் சேர்ந்த சார்லஸ் வொன்ஜி, லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் இருந்தபோது, ஃபூமோஸையும் ஃபாங்கையும் கலந்து அடுத்தடுத்த தலைமுறைகளை வளர்த்தார். ஒவ்வொரு வழித்தோன்றலிலும் குரோமோசோமின் சில துண்டுகள் எதிர்ப்புக் கூட்டத்திலிருந்தும் சில பணியும் கூட்டத்திலிருந்தும் வந்து கலந்திருக்கும். மருந்துக்குத் தப்பியவை, சீக்கிரம் செத்தவை என்று பிரித்து, தப்பியவற்றில் திரும்பத் திரும்ப எந்தத் துண்டு தென்படுகிறது என்று பார்த்தார்கள். 2007இல் விடை வந்தது: இரண்டாம் குரோமோசோமின் வலக்கையில் ஒரு பகுதி. எதிர்ப்பு வேறுபாட்டில் பெரும்பங்கை அந்த ஒரே பகுதி விளக்கியது.

2009இல் அந்தப் பகுதியை எழுத்தெழுத்தாகப் படித்தார்கள். பி450 மரபணுக்கள் அங்கே கொத்தாகக் கிடந்தன. அவற்றுள் சிஒய்பி6பி9 என்ற மரபணு பழங்காலத்தில் எப்போதோ இரட்டித்து, ஏ, பி என்று பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பிரதிகளாக இருந்தது. எதிர்ப்புக் கொசுவில் இந்த இரண்டும் பணியும் கொசுவைவிடப் பல மடங்கு கூடுதலாக இயங்கின. 2013இல் இந்தக் கொசு மரபணுக்களைப் பழ ஈக்குள் செருகினார்கள். மருந்துக்குச் சாகவேண்டிய ஈக்கள் தாங்கின. சோதனைக் குழாயில் அந்த நொதிகள் பைரித்ராய்டைச் சிதைத்தன, டி.டி.டி.யைத் தொடவில்லை. ந்டூமுவில் எழுந்த புதிருக்கு மூலக்கூறு அளவில் விடை கிடைக்கப் பதின்மூன்று ஆண்டுகள் ஆயின.

நொதியின் அமைப்பிலும் மாற்றம் இருந்தது. அதைவிட, எவ்வளவு நொதி சுரக்கிறது என்பதில் மாற்றம் பெரிது. மரபணுவுக்கு முன்னால் அதை இயக்கும் பகுதியில் எதிர்ப்புக் கொசுவுக்கும் பணியும் கொசுவுக்கும் உள்ள வேறுபாடுகளை 2019இல் பிரித்தெடுத்தார்கள். போதாதென்று, ஏ-வுக்கும் பி-க்கும் நடுவே ஏறத்தாழ 6,500 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டு வேறெங்கிருந்தோ வந்து செருகியிருப்பதும், அதுவும் இந்த மரபணுக்களின் வேகத்தைக் கூட்டுவதும் பிறகு தெரிந்தது. இந்தக் கண்டுபிடிப்பால் கிடைத்த நடைமுறைப் பயன் பெரிது: ஒரு கொசுவின் சிறு துணுக்கிலிருந்து டி.என்.ஏ. எடுத்து, அது எதிர்ப்பு வடிவத்தை ஒரு பிரதியாக வைத்திருக்கிறதா, இரண்டாக வைத்திருக்கிறதா, இல்லவே இல்லையா என்று சாதாரண ஆய்வகத்திலேயே சொல்லிவிடலாம். அதற்குமுன் பி450 எதிர்ப்புக்கு அப்படி ஒரு சோதனையே இல்லை. கேடிஆருக்கு மட்டும் எளிய சோதனை இருந்ததால் உலகமே கேடிஆரை எண்ணிக்கொண்டிருந்தது. விளக்கு வெளிச்சம் விழுந்த இடத்தில் மட்டும் தேடியதுபோல.

எளிய சோதனை வந்ததும் கேமரூனில், சோதனைக்கென்றே கட்டிய குடிசைகளில், மருந்து ஏற்றிய கொசுவலைகளை வைத்துப் பார்த்தார்கள். இரு பிரதியும் எதிர்ப்பு வடிவமாக உள்ள கொசு பைரித்ராய்டு வலையைத் தாண்டிப் பிழைப்பது மட்டுமின்றி, ரத்தமும் கூடுதலாகக் குடித்தது. ஒரு மரபணு வடிவத்துக்கும் வலைக்குள் தூங்கும் குழந்தைக்கும் உள்ள தொடர்பு அந்தக் குடிசைகளில்தான் நேரடியாக நிறுவப்பட்டது.

மேற்கே வேறு கதை

தெற்கில் மொசாம்பிக், மலாவி போன்ற நாடுகளில் சிஒய்பி6பி9ஏ-யின் எதிர்ப்பு வடிவம் இன்று ஏறக்குறைய எல்லா ஃபுனெஸ்டஸிலும் இருக்கிறது. பைரித்ராய்டு வலைகள் கண்டம் முழுக்கப் பரவுவதற்கு முன் சேகரித்த கொசுக்களோடு பின்னர் சேகரித்தவற்றை ஒப்பிட்டபோது, அந்த மரபணுவைச் சுற்றியுள்ள டி.என்.ஏ. வேறுபாடுகள் துடைத்தெடுத்ததுபோலக் குறைந்திருந்தன. ஒரே வடிவம் மற்றவற்றை ஒதுக்கித் தள்ளிக்கொண்டு பரவும்போது விட்டுச்செல்லும் தடம் அது. தான்சானியாவில் இந்த வடிவம் நடுத்தரமாக இருந்தது. கானா, பெனின், கேமரூன் கொசுக்களில் அதைக் காணவில்லை.

காணவில்லை என்பதால் அங்கே எதிர்ப்பு இல்லை என்றாகாது. பெனின் நாட்டு ஃபுனெஸ்டஸில் குளூட்டத்தயோன் எஸ்-டிரான்ஸ்ஃபெரேஸ் என்ற முற்றிலும் வேறு நொதி முன்னால் நிற்கிறது. அதன் ஜிஎஸ்டிஇ2 மரபணுவில் ஒரே எழுத்து மாறி, 119ஆவது இடத்து லூசின் ஃபினைல்அலனினாகிவிட்டது. 2014இல் எக்ஸ்ரே படிகமுறையில் அந்தப் புரதத்தின் வடிவத்தைப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. மருந்து பொருந்தும் குழி அகன்றிருந்தது; டி.டி.டி. மூலக்கூறு அதில் தாராளமாக நுழைந்து சிதைந்தது. பைரித்ராய்டையும் ஓரளவு தாங்க அது உதவுகிறது.

அதே இனம், அதே கண்டம். குவாசுலு-நடாலில் நோயை அடக்க உதவிய டி.டி.டி.யைப் பெனினில் அடித்திருந்தால் பணம் சுவரில் கரைந்திருக்கும். 2000 டிசம்பரில், நச்சு வேதிப்பொருட்களுக்கு எதிரான உலக ஒப்பந்தத்தின் இறுதிப் பேச்சுவார்த்தை ஜோகன்னஸ்பர்க்கிலேயே நடந்தது. அடுத்த ஆண்டு ஸ்டாக்ஹோமில் கையெழுத்தான அந்த ஒப்பந்தம், நோய் பரப்பும் பூச்சிகளுக்கு எதிராக டி.டி.டி.யைப் பயன்படுத்த விலக்கு அளித்தது. அன்றிலிருந்து டி.டி.டி. வேண்டும் என்பவர்கள் குவாசுலு-நடாலை வெற்றிச் சான்றாகக் காட்டுகிறார்கள். வேண்டாம் என்பவர்கள் மாத்திரைதான் காப்பாற்றியது என்கிறார்கள். இரு தரப்பும் கொசுவின் மரபணுவைப் பேச்சில் சேர்ப்பதில்லை என்பதே என் மனத்தாங்கல். டி.டி.டி. அங்கே பலித்ததற்குக் காரணம், அந்தக் கொசு பயன்படுத்திய இரண்டு நொதிகளுக்கு டி.டி.டி.யைச் சிதைக்கத் தெரியாது என்பதுதான். அந்தக் காரணம் பொருந்தாத இடத்துக்கு அந்த வெற்றியைச் சுமந்து செல்ல முடியாது.

வலைக்குள்

நொதியின் பெயர் தெரிந்தபின் அதை எதிர்கொள்ளும் வழிகளும் தெளிவாயின. முதலாவது, எள்ளிலிருந்து தொடங்கிய அதே துணைப்பொருளை வலையிலேயே சேர்ப்பது. தான்சானியாவின் முலேபா மாவட்டத்தில் பெரிய களச்சோதனை நடத்தினார்கள்; அந்த வலைகள் வெறும் பைரித்ராய்டு வலைகளைவிட நன்றாகக் காத்தன. 2017இல் உலக சுகாதார நிறுவனம் அவற்றுக்குப் பச்சைக்கொடி காட்டியது. இருந்தாலும் துணைப்பொருள் வலையில் நெடுநாள் தங்குவதில்லை. நொதியை மிக அதிகமாகச் சுரக்கும் கொசுவை அது முழுமையாக அடக்குவதுமில்லை.

இரண்டாவது வழியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு குறைவதில்லை. குளோர்ஃபெனாபிர் என்ற மருந்து, இருக்கிற வடிவில் கொசுவை அவ்வளவாகப் பாதிக்காது. கொசுவின் சொந்த பி450 நொதிகள் அதை உடைக்கும்போதுதான் அது நஞ்சாகி, உயிரணுக்களின் ஆற்றல் உற்பத்தியை நிறுத்துகிறது. பைரித்ராய்டைச் சிதைக்க எந்த நொதியைக் கொசு மிகுதியாக வைத்திருக்கிறதோ அதுவே இந்த மருந்தைக் கூர்தீட்டிக் கொடுக்கிறது. சிஒய்பி6பி9ஏ-யை அதிகமாகக் கொண்ட ஃபுனெஸ்டஸ் குளோர்ஃபெனாபிருக்குக் கூடுதலாகப் பணிவதையும் ஆய்வகத்தில் கண்டார்கள். ஃபுனெஸ்டஸ் மிகுந்த தான்சானியாவின் மிசுங்வி மாவட்டத்தில் நடந்த களச்சோதனையின் முடிவு 2022இல் வெளியானது. இரண்டு ஆண்டு முடிவில், பைரித்ராய்டு மட்டுமே கொண்ட வலை கொடுத்த ஊர்களில் 45.8 சதவீதக் குழந்தைகளின் ரத்தத்தில் ஒட்டுண்ணி இருந்தது. குளோர்ஃபெனாபிர் சேர்த்த வலை கொடுத்த ஊர்களில் 25.6 சதவீதம். 2023 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் இந்த வலைகளைப் பரிந்துரைத்தது.

அதே நொதிகள், சுவரில் அடிக்கும் புதிய மருந்தான குளோத்தியானிடினைச் சிதைக்கவும் உதவுகின்றன என்பதையும் சொல்லியாகவேண்டும். பைரித்ராய்டுக்கு மாற்று என்று கொண்டுவரும் மருந்து, பழைய நொதியின் கையில் முன்பே பழகியதாக இருக்கக்கூடும். ஒரு மருந்தை நாடு முழுக்கக் கொடுக்குமுன், அங்கே பறக்கும் கொசுவின் மரபணுவைப் படித்துப் பார்க்கும் செலவு, லட்சக்கணக்கான வலைகளின் விலைக்குமுன் ஒன்றுமே இல்லை.

இவ்வளவு நொதி சுரப்பதற்குக் கொசுவும் விலை கொடுக்கிறது. ஃபூமோஸ், ஃபாங் கலப்பில் பிறந்த கொசுக்களை மருந்தே படாமல் வளர்த்தபோது, எதிர்ப்பு வடிவம் கொண்டவை குறைவாக முட்டையிட்டன; லார்வாப் பருவம் நீண்டது. மருந்தின் அழுத்தம் நீங்கினால் அந்த வடிவம் மெல்லப் பின்வாங்கும் என்ற நம்பிக்கைக்கு இது இடம் தருகிறது. ஆனால் கண்டம் முழுக்க எல்லா வலைகளிலும் ஏதோ ஒரு பைரித்ராய்டு இருக்கும்வரை அந்த அழுத்தம் நீங்கப்போவதில்லை. குளோர்ஃபெனாபிர் வலையிலும் பைரித்ராய்டு சேர்ந்தே இருக்கிறது.

ந்டூமுவின் புதிரை விடுவித்தது, ஃபுனெஸ்டஸின் சோடியம் வாயில் பழுதற்றது என்ற ஊகம். அது சரியாகவே இருந்தது. அதன்பின் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக, காம்பியே கொசுவில் எங்கும் பரவிவிட்ட கேடிஆர் ஃபுனெஸ்டஸில் தென்படவே இல்லை. 2024இல் தான்சானியாவிலிருந்து வேறு செய்தி வந்தது. அந்நாட்டு ஃபுனெஸ்டஸ் கொசுக்களின் மரபணுத்தொகுதிகளைப் படித்தவர்கள், மொரோகோரோ பகுதியில் சோடியம் வாயிலில் சடுதிமாற்றம் கொண்ட கொசுக்களைக் கண்டார்கள். அவை பைரித்ராய்டைத் தாங்குவதற்கும் அந்த மாற்றத்துக்கும் தொடர்பு தெரியவில்லை. டி.டி.டி.யைத் தாங்குவதற்குத் தொடர்பு இருந்தது.